இஃப்ரா சிஸ்டர்

மேடவாக்கம் கூட்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் இரண்டரை வருஷமாக எல்லோரும் அவளை இஃப்ரா சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய நிஜப் பெயர் ஷர்மிளா. அது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். இரண்டாவது மாடியில் ஒரு பெரியவருக்கு ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு இறங்கி வந்தவளை மேட்ரன் கோகிலவாணி தன் மேஜைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் ஏதோ பட்டியல் திறந்திருந்தது.

"இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கேட்டிருக்காம்மா. நம்ம நர்ஸுங்க எல்லாரோட ரிஜிஸ்டர் நம்பரையும் ஆன்லைன்ல சரிபார்த்து அனுப்பணுமாம். உன்னோடதப் போட்டேன். ஓடிபி வந்திருக்கும், பாத்துச் சொல்லு."

ஷர்மிளா போனை எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "வரலையே மேடம்."

"கடைசி ரெண்டு நம்பர் நாப்பத்தேழுன்னு காட்டுது. உன் நம்பர் அது இல்லையே?"

"அது பழைய நம்பர் மேடம். சிம் தொலைஞ்சு போச்சு."

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதா? சரி, இன்னொரு தடவை அனுப்பிப் பாக்கறேன்" என்று கோகிலவாணி மறுபடியும் பொத்தானைத் தட்டினார். இல்லையென்றானதும் மூன்றாவது தடவையும் தட்டினார். "விடு, நர்சிங் கவுன்சில் ஆபீஸ்ல போய் லெட்டர் குடுத்து மாத்திக்கலாம். தனியாப் போய் அலையாத, நான் கூட வரேன்."

நாற்பத்தேழில் முடியும் அந்த நம்பர் ஷர்மிளாவுக்கு மனப்பாடம். அது இஃப்ராவின் நம்பர். இஃப்ரா செத்து மூன்று வருஷமாகிறது. அந்த நம்பரும் எப்போதோ செத்திருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அரை மணி நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார்கள். இந்தத் தடவை அவள் உள்ளே வந்ததும் கோகிலவாணி எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீ சேரும்போது குடுத்த ஜெராக்ஸ்லேர்ந்து முழு நம்பரை எடுத்து போன் போட்டேன். சிம் வேற யார் கைக்காவது போயிருந்தா, ஓடிபிய மட்டும் கேட்டு வாங்கிக்கலாம்னு. ஒரு அம்மா எடுத்தாங்க. இஃப்ரா இருக்காங்களான்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல. அப்புறம், என் பொண்ணு மவுத்தாகி மூணு வருஷம் ஆச்சு, நீங்க யாருன்னு கேட்டாங்க."

ஷர்மிளா சாத்திய கதவைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் கோகிலவாணி. குரலில் கோபம்கூட இல்லை. "நீ யாரும்மா?"

"மேல பெரியவருக்கு பாட்டில் முடியற நேரம் மேடம். மாத்திட்டு வந்து சொல்றேன்."

மாடிக்குப் போனாள். சொன்னபடியே பாட்டிலை மாற்றினாள், சொட்டு விழும் வேகத்தைக் கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தாள், பெரியவரின் மகளிடம், "கை வீங்குனா உடனே கூப்பிடுங்க" என்றாள். பிறகு துணி துவைக்கும் இடத்துப் பின்படி வழியாக இறங்கித் தெருவுக்கு வந்தாள். தண்ணி லாரி ஒன்று சந்துமுனையை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் தாம்பரம் வரைக்கும் எல்லோரும் அவளுடைய நீல யூனிஃபார்மையே பார்ப்பதுபோல் இருந்தது. நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். சண்முகம் ரோட்டில் ஒரு கடையில் கையில் கிடைத்த சுடிதாரை வாங்கி, ஸ்டேஷன் கழிப்பறையில் மாற்றிக்கொண்டாள். போனை அணைத்தாள். செங்கல்பட்டு வண்டி நின்றிருந்தது. எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. இஃப்ராவின் அம்மா சபீஹா ஆன்ட்டிதான் போனை எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் மூன்று வருஷமாக அதற்குக் காசு போட்டு, சார்ஜ் ஏற்றி, உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

ஷர்மிளா கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். அந்தக் குப்பத்திலிருந்து நர்ஸ் படிப்புக்குப் போன முதல் ஆள். இஃப்ரா நாகல்கேணியில் தோல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த சௌகத் அலியின் ஒரே மகள். இருவருக்கும் ஹாஸ்டலில் ஒரே அறை. மூன்று வருஷமும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பயிற்சிப் பொம்மைக்கு மாற்றி மாற்றிக் கட்டுப் போட்டுப் படித்தார்கள். ஊசி போடுவதில் ஷர்மிளா கெட்டி. எழுத்தில் இஃப்ரா கெட்டி. கடைசி வருஷப் பரீட்சை நடந்த வாரத்தில்தான் ஷர்மிளாவின் அப்பா போன படகு கவிழ்ந்தது. நாலு நாள் கழித்து உடல் கரை ஒதுங்கியது. அவள் ஒரு பரீட்சையும் எழுதவில்லை. இஃப்ரா பாஸாகி, கவுன்சிலில் பதிவு செய்து, வேலைக்குப் போன எட்டாவது மாசம் டெங்குக் காய்ச்சலில் விழுந்தாள். பதினோரு நாள் ஷர்மிளாதான் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். பன்னிரண்டாம் நாள் இருக்கத் தேவையில்லாமல் போனது.

இஃப்ராவின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதலுக்குப் போனபோது சபீஹா ஒரு பையைத் தூக்கி ஷர்மிளா கையில் கொடுத்தாள். யூனிஃபார்ம், ஸ்டெதஸ்கோப், புத்தகங்கள். "என்னால இதைப் பாத்துக்கினு இருக்க முடியல ஷர்மி. நீ எடுத்துக்கினு போய்ப் படிச்சு முடி" என்றாள். பைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இஃப்ராவின் சர்டிபிகேட், ஆதார் எல்லாம் இருந்தது சபீஹாவுக்குத் தெரியாது. ஷர்மிளாவுக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தாள். பரீட்சை எழுதவும்தான் நினைத்தாள். காலேஜுக்கு இரண்டு தடவை போய் நின்றாள். விண்ணப்பிக்கும் தேதி தாண்டிவிட்டது, அடுத்த தடவை வா என்றார்கள். அதற்குள் குப்பத்தில் அண்ணன் லோகு பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி நர்ஸு, படிச்சு முடிச்சிட்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மேடவாக்கத்தில் நர்ஸ் தேவை என்று போர்டு பார்த்தாள். ஜெராக்ஸ் மட்டும் கேட்டார்கள். ஜெராக்ஸில் கறுத்துப்போன இஃப்ராவின் ஆதார் போட்டோவில் யாரும் யார் மாதிரியும் இருக்கலாம். ஆறே மாசம், பரீட்சை எழுதிப் பாஸாகும்வரை மட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சேர்ந்தாள். ஆறு மாசத்தில் அவளுக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது. சாயங்காலம் வீடு திரும்பும்போது ஷர்மிளா என்று யாராவது கூப்பிட்டால் ஒரு நொடி தடுமாறும் அளவுக்குப் பழகிவிட்டது.

ஆனால் பயம் மட்டும் பழகவில்லை. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் போட்டோ எடுத்தால் நழுவிவிடுவாள். முகக்கவசத்தைக் கழற்றவே மாட்டாள். யாராவது, "எந்தப் பள்ளிவாசல் பக்கம்மா உங்க வூடு?" என்று பிரியமாகக் கேட்டால் டாக்டர் கூப்பிடுகிறார் என்று சொல்லி நகர்ந்துவிடுவாள்.

கூடுவாஞ்சேரியில் எல்லோரும் இறங்கினார்கள், அவளும் இறங்கினாள்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை மாடியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் இருந்தது. பெயர் கேட்டபோது, "அம்சவேணி" என்றாள். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆதார் ஊரில் இருக்கிறது, வாங்கிவந்து தருகிறேன் என்றாள். பக்கத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் இடத்தில் பாக்கெட் கட்டும் வேலை கிடைத்தது. காலையில் போனால் மதியம் வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் மாவு பாக்கெட்டுக்கு ரப்பர் போடுவாள். "அம்சா, அம்சா" என்று நாலு தடவை கூப்பிட்ட பிறகுதான் தன்னைத்தான் என்று உறைக்கும். ரோட்டில் யாரோ யாரையோ, "சிஸ்டர்!" என்று கூப்பிட்டால் மட்டும் சட்டென்று திரும்பிவிடுவாள்.

ஹாஸ்டல் அக்கா தினமும் ஆதார் கேட்டாள். போலீஸ் ஜீப் கடந்துபோனால் ஷர்மிளா ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்து, வாங்காத சாமானுக்கு விலை கேட்டாள். அண்ணனுக்கு மட்டும் ஒருநாள், கடைக்காரர் போனிலிருந்து, டிரெய்னிங்குக்காக வெளியூர் வந்திருப்பதாகச் சொன்னாள். "ஜாக்கிரதையா இரு ஷர்மி, சாப்டுகினு கீறியா?" என்றான் லோகு.

இப்படிப் பதினாறு நாள் போயிற்று.

பதினாறாம் நாள் காலை, குளியலறை வரிசையில் நின்றிருந்த யோகேஸ்வரி என்ற பெண் திடீரென்று கீழே விழுந்து வெட்டிவெட்டி இழுக்க ஆரம்பித்தாள். ஹாஸ்டலே கூடிக் கத்தியது. யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தார்கள். யாரோ வாயைப் பிளந்து ஸ்பூனை விடப் பார்த்தார்கள். ஷர்மிளா பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். "தள்ளுங்க. காத்து வரட்டும். வாயில ஒண்ணும் வெக்காதீங்க" என்று அவள் சொன்ன குரலில் எல்லோரும் தள்ளி நின்றார்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தாள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயோரத்து நுரையைத் துடைத்து, நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குத் தான் ஓடி ஒளிந்திருக்கிறோம் என்பதே மறந்துபோனது.

சாயங்காலம் யோகேஸ்வரி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து ஷர்மிளாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க நர்ஸா?"

"இல்ல. ஒரு கிளினிக்ல பெருக்கித் தொடைச்சுகினு இருந்தேன். பாத்துப் பாத்துப் பழக்கம்."

"நல்லவேளை நீங்க இருந்தீங்க. இப்பல்லாம் நர்ஸுன்னு சொன்னாலே நம்ப முடியலக்கா. இதப் பாருங்க" என்று போனை நீட்டினாள்.

இஃப்ராவின் முகம். கவுன்சிலில் பதிவு செய்யும்போது எடுத்த போட்டோ. ஆஸ்பத்திரி ஆபீஸில் யாரோ பதிவு எண்ணைத் தட்டி, கம்ப்யூட்டரில் வந்ததை அப்படியே படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். கறுப்புத் துப்பட்டா, உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கும் முகம். அன்றைக்கு ஸ்டூடியோவில் போட்டோக்காரருக்குப் பின்னால் நின்று கோணங்கி காட்டியது ஷர்மிளாதான். "ஏய், சும்மா இருடி, சர்டிபிகேட்டுல பல்லு தெரியப் போவுது" என்று இஃப்ரா அதட்டியது காதில் கேட்டது.

போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தது: 'உஷார்! போலி நர்ஸ் இஃப்ரா. பல உயிர்களோடு விளையாடியவள். தலைமறைவு. பார்த்தால் போலீசுக்குச் சொல்லவும். அதிகம் பகிரவும்.' அதற்கும் கீழே அவளுடைய மதத்தை இழுத்து யாரோ எழுதியிருந்தார்கள். ஷர்மிளாவால் இரண்டு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை.

"மூஞ்சியப் பாருங்க, எவ்ளோ அப்பாவி மாதிரி வெச்சிருக்கா" என்றாள் யோகேஸ்வரி.

ஷர்மிளா எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். ஓடும்போது தன்னைத் தேடுவார்கள் என்றுதான் பயந்தாள். இஃப்ராவைத் தேடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை ஹாஸ்டலைக் காலி செய்தாள். காலி செய்ய ஒரு பைதான் இருந்தது. பல்லாவரத்தில் இறங்கி, திருநீர்மலை ரோட்டில் நடந்து நாகல்கேணிக்குப் போனாள். தோல் வாசனை வர ஆரம்பித்தது. அந்தத் தெருவில் அவளுக்கு எல்லாம் தெரியும். இஃப்ராவோடு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து பிரியாணி தின்றுவிட்டு மொட்டைமாடியில் மலைக்கோயிலைப் பார்த்தபடி படுத்துக் கிடந்த வீடு.

கதவைத் திறந்தது சபீஹா. ஷர்மிளாவைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உள்ள வா."

"ஆன்ட்டி, நான்தான்..."

"தெரியும்" என்றாள் சபீஹா. "போன் வந்த அன்னிக்கே தெரியும். இஃப்ரா இருக்காங்களான்னு ஒரு அம்மா கேக்குறாங்க. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், என் புள்ள எங்கயோ வேலைக்குப் போயிருக்குற மாதிரியும், போனை வூட்டுல மறந்து வெச்சிட்டுப் போன மாதிரியும் இருந்துச்சு ஷர்மி. அப்புறம்தான் அந்தப் பையை யார் கையில குடுத்தேன்னு ஞாபகம் வந்துச்சு."

உள்ளேயிருந்து சௌகத் அலி வந்தார். வேலை நாளில் வீட்டில் இருந்தார். மூன்று வருஷத்தில் பத்து வருஷம் கிழடு தட்டியிருந்தது. ஷர்மிளாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"இவளா? உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என்னை மூணு தடவை ஸ்டேஷன்ல போய் உக்கார வெச்சியா? பொண்ணு சர்டிபிகேட்டை யாருக்கு வித்தேன்னு கேக்குறாங்க சபீஹா. நான் வித்தேனாம். கம்பெனியில, பிரச்சினை முடியட்டும், அப்புறம் வா மாஸ்டர்னு அனுப்பிட்டாங்க." அவர் குரல் உயரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அவளா வருவான்னு இருந்தேன்" என்றாள் சபீஹா. "நாமளா பிடிச்சுக் குடுத்தா, இஃப்ரா கூட்டாளிய நாமே பிடிச்சுக் குடுத்ததா ஆயிடும். வரலேன்னா இந்த வெள்ளிக்கிழமை சொல்லியிருப்பேன். அல்லா மேல சத்தியமா சொல்லியிருப்பேன்."

ஷர்மிளா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டு வந்தாள். சபீஹா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்குறேன், நெஜத்தைச் சொல்லு" என்றாள் சபீஹா. "உன்னால யாராவது செத்தாங்களா?"

"இல்ல ஆன்ட்டி."

"நெஜமா?"

"நெஜமா. தெரியாத எதையும் நான் தொட மாட்டேன். டாக்டரைக் கூப்பிட்டுடுவேன்."

"உன்னை என்னான்னு கூப்டாங்க?"

ஷர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள். "இஃப்ரா சிஸ்டர்னு."

சபீஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் அவளைக் கபருக்கு அனுப்பிட்டு இங்க உக்காந்து அவளுக்காக யாசீன் ஓதிக்கினு இருக்கேன். நீ அவ பேரை நெஞ்சுல குத்திக்கினு வேலைக்குப் போயிருக்க. படிச்சு முடின்னுதானேடி குடுத்தேன்? நீ படிச்சு உன் பேர்ல நின்னிருந்தா, என் புள்ள பாதி நிக்கிறான்னு நெனச்சிருப்பேனே."

சௌகத் அலிதான் கடைசியில் எழுந்தார். "அந்தப் போட்டோ" என்றார். "அதை எடுக்கச் சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நேத்து டீக்கடையில ஒருத்தன் என்கிட்டயே காட்டுறான். இவளைப் பாத்தா சொல்லுங்க பாய்ங்கறான்."

மூவரும் ஒரே பஸ்ஸில் மேடவாக்கம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். சௌகத் அலி முன்னால் நின்றுகொண்டார். பெண்கள் சீட்டில் சபீஹாவும் ஷர்மிளாவும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். தோளோடு தோள் இடித்தது.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் திரிபுரசுந்தரி முதலில் நம்பவில்லை. பிறகு ஆஸ்பத்திரி கேமராவில் பதிந்திருந்த படத்தையும் எதிரில் நின்றவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உட்காரச் சொன்னார். கேட்டதற்கெல்லாம் ஷர்மிளா ஒளிக்காமல் சொன்னாள். பையை சபீஹாதான் கொடுத்தாள், அதன் அடியில் உறை இருந்தது அவர்களுக்குத் தெரியாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள், எழுதிவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

சௌகத் அலி மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "மேடம், என் பொண்ணு போட்டோவை எடுத்துடுவீங்களா?"

திரிபுரசுந்தரி பேனாவை வைத்தார். "கேஸ்ல இனிமே உங்க பொண்ணு பேர் குற்றவாளின்னு எங்கயும் வராதுங்க. அதுக்கு நான் பொறுப்பு. பேப்பருக்கும் சொல்லிடுவோம். ஆனா போன்ல சுத்துறது... அது இப்ப எத்தனை ஆயிரம் பேர் கையில இருக்குன்னு எனக்கே தெரியாது. முதல்ல அனுப்புன ஆளைப் பிடிக்கலாம். போனதைத் திருப்ப முடியாதுங்க பாய்."

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

"பொய் சொல்லி உங்களை அனுப்பலாம். எனக்கு மனசு வரல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சபீஹா அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு தடவை உள்ளே திரும்பி ஷர்மிளாவைப் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை ஷர்மிளா பார்க்கவே இல்லை.

ஷர்மிளா இருபத்துநாலு நாள் புழல் ஜெயிலில் இருந்தாள். பார்க்க வந்த லோகு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னா ஷர்மி இது, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? பரீட்ச எழுதலன்னா நான் இன்னா உன்ன அடிக்கவா போறேன்?" என்று குழந்தை மாதிரி அழுதான். ஆஸ்பத்திரி முதலாளி டாக்டர் பட்டாபிராமன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். கோகிலவாணியும் எழுதிக் கொடுத்தார். அவளால் எந்த நோயாளிக்கும் கெடுதல் வந்ததில்லை என்று ஒரு வரி, தான் நம்பி மோசம் போனதாக ஒரு வரி. வக்கீல் ஜெயவேலு அந்த முதல் வரியைக் காட்டித்தான் ஜாமீன் வாங்கினார். வழக்கு முடிய வருஷக்கணக்கு ஆகும் என்றும், நர்ஸ் வேலையை இனி மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

இப்போது அவள் குப்பத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணி சரளாவோடு மீன் கழுவி, வெட்டி, கூடையில் அடுக்கிக் கொடுக்கிறாள். ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு மேடவாக்கத்தில் பஸ் ஏறி சோழிங்கநல்லூர் வழியாகக் கோவளம் போவாள்.

போன வாரம் அப்படித் திரும்பும்போது முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஆபீஸ் போகிறவர்கள்; கழுத்தில் அடையாள அட்டை. ஒருத்தி, "எங்க அபார்ட்மென்ட் க்ரூப்ல வந்துச்சு. நம்ம ஏரியாதான். நர்ஸுன்னு சொல்லி எத்தனை பேரைக் கொன்னாளோ" என்று போனைத் தோழியிடம் சாய்த்தாள். அதே கறுப்புத் துப்பட்டா. சிரிப்பை அடக்கிய அதே உதடு.

ஷர்மிளா முன்னால் குனிந்தாள்.

"அக்கா, அது தப்பான போட்டோக்கா."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் பொண்ணு செத்துப் போயி மூணு வருஷத்துக்கு மேல ஆவுது. அவ ஒரு தப்பும் பண்ணல. நல்லாப் படிச்ச நெஜ நர்ஸு. அவ சர்டிபிகேட்டை வெச்சி ஏமாத்துனது நான். என் பேரு ஷர்மிளா. இப்பதான் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டு வரேன். அந்தப் போட்டோவ அழிச்சிடுங்கக்கா. அனுப்புனவங்ககிட்டயும் சொல்லுங்க."

நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். ஜாமீனில் வந்ததிலிருந்து இது ஆறாவது தடவை. ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தைகள்தான்.

போன் வைத்திருந்தவள் பயந்துபோய் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மற்றவள் கண்டக்டரைத் தேடினாள். பக்கத்தில் நின்றிருந்த ஒரு ஆள், "இன்னாம்மா, இன்னா பேஜாரு?" என்றான். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ போனை உயர்த்தி அவளைப் படம் எடுத்தார்கள். இந்தத் தடவை அவள் முகத்தை மூடவில்லை.

"அழிச்சிட்டீங்களாக்கா?" என்று மறுபடியும் கேட்டாள்.

அந்தப் பெண்ணின் விரல் திரையில் ஏதோ செய்தது. அழித்தாளா, சும்மா தள்ளிவிட்டாளா என்று ஷர்மிளாவுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டாள். வீடு இன்னும் வெகுதூரம். வெயில் ஏறிவிட்டது. அடுத்த பஸ் வரும்வரை அங்கே நிற்கப் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்தாள்.